தண்ணீரை எதிர்கொண்டு போனவர்கள்

ரோசீனா ஃபான்டினி எந்தப் பாலத்தில் கால் வைத்தாலும் முதலில் இடப்பக்கம் எட்டிப் பார்ப்பாள், பிறகு வலப்பக்கம். அதற்கப்புறம்தான் அடுத்த அடி. கீழே தண்ணீர்தான் ஓட வேண்டும் என்றில்லை. ரோச்செஸ்டரில் நெடுஞ்சாலைக்கு மேலே போகும் நடைபாலத்தில்கூட, கீழே கார்கள் சீறிக்கொண்டு போக, படகு ஏதும் வருகிறதா என்பதுபோல நின்று பார்த்துவிட்டுத்தான் நடப்பாள். ஹல்பர்ட்டன் ஊர்க்காரர்கள் பல வருடமாக இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

"கல்யாணத்தன்னைக்கு சர்ச் படியில நின்னுகூட ரெண்டு பக்கமும் பார்த்தா" என்பான் லெஸ்டர். "மாப்பிள்ளை எந்தப் பக்கமா ஓடுவான்னு அப்பவே சந்தேகம் போல."

மாப்பிள்ளை மேற்கே ஓடினான். அரிசோனாவில் கூரை வேலை என்று போனவன், கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை அனுப்புவதோடு சரி. அதைப் பற்றி லெஸ்டர் கேலி செய்தால் ரோசீனாவுக்கு வலிக்காது. அவன் ஆல்பியன் தூக்குப் பாலத்துக்காரன். அவள் ஹல்பர்ட்டன் தூக்குப் பாலத்துக்காரி. ஈரி கால்வாயில் அடுத்தடுத்த பாலம் என்றால் ஏறக்குறைய உறவுமுறைதான்.

அவளுடைய பாலம் பச்சை வண்ணம் அடித்த இரும்புப் பாலம். படகு வந்து கொம்பு ஊதினால், மணியடித்து, சாலைக் கதவுகளை இறக்கி, பொத்தானை அழுத்துவாள். பாலம் முழுசாக, தட்டில் வைத்து ஏந்தினாற்போல, மேலே எழும். படகு போன பின் இறக்குவாள். பாலத்தின் ஓரத்துக் கோபுர அறையில் ஒரு நாற்காலி, ஒரு வானொலி, நான்கு பக்கமும் கண்ணாடி. பத்தாம் வகுப்பில் அப்பா படுக்கையில் விழுந்தபோது பள்ளியை விட்டவள் அவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க வராது. இந்த வேலை அவளுக்கென்றே செய்து வைத்ததைப் போல அமைந்தது. படகுக்காரர்கள் கையசைப்பார்கள், இவளும் கையசைப்பாள். கண்ணாடிக்கு உள்ளே இருந்தபடி உலகத்தோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்ள முடிந்தது.

படகுகளைவிட அவள் அதிகம் கவனித்தது கரையில் போகிறவர்களைத்தான். அந்தக் காலத்தில் கோவேறு கழுதைகள் கயிறு கட்டிப் படகை இழுத்துக்கொண்டு நடந்த தடம் அது. ஊரில் அதற்கு இன்றும் கழுதைத் தடம் என்றுதான் பேர். கழுதைகள் போய் சைக்கிள்காரர்கள் வந்தார்கள். ஒஹாயோவிலிருந்தும் க்யுபெக்கிலிருந்தும் குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். பாலத்தடியில் கூடாரம் போட்டுக்கொள்ளலாமா என்று அவளிடம் கேட்பார்கள். அவள் தலையசைத்து, குளியலறைச் சாவியைக் கொடுத்து, குழாயைக் கைகாட்டுவாள்.

எந்தக் குழந்தை சிரித்துக்கொண்டே வந்து இறங்கும், எது அழுதுகொண்டே வரும் என்று தூரத்தில் வரும்போதே அவளுக்குத் தெரியும். அப்பா முன்னால் பறந்தால் பின்னால் வரும் குழந்தை அழுதிருக்கும். குழந்தையை முன்னால் விட்டு, அதன் வேகத்துக்குப் பெரியவர்கள் மிதித்தால் சிரித்துக்கொண்டு வரும். களைத்த பிறகு நிறுத்துகிறவர்களைவிட, களைக்கும் முன் நிறுத்துகிறவர்கள் அதிக தூரம் போவார்கள். வழியில் எதற்கும் உதவாத ஒரு சாமான், ஒரு ரப்பர் டைனோசரோ உடைந்த கேமராவோ, குழந்தை கையில் இருந்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவள், தன் மகள் மார்னியை அந்தத் தடத்தில் ஒரு நாள்கூட அழைத்துப் போனதில்லை. போக முடிந்ததில்லை. மே நடுவிலிருந்து அக்டோபர் வரை படகுக்காலம். பாலத்தை விட்டு நகர முடியாது. நவம்பரில் கால்வாயை வடித்துவிடுவார்கள். அப்புறம் பனி.

போகத்தான் முடியவில்லையே தவிர, திட்டம் போடுவதற்குக் குறைவில்லை. மார்னிக்கு எட்டு வயதான குளிர்காலத்தில் அது தொடங்கியது. இரவுச் சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்ததும் ரோசீனா தன் குளியல் அங்கியின் நீலக் கச்சையை உருவி மேசையில் நீளமாகப் போடுவாள். அதுதான் கால்வாய். உப்புக் குடுவை ஹல்பர்ட்டன், மிளகுக் குடுவை ஆல்பியன், கெட்சப் புட்டி மெடினா, மேசையின் மறுகோடியில் சர்க்கரை டப்பா லாக்போர்ட். இரண்டு மக்ரோனித் துண்டுகள் சைக்கிள்கள்.

"இங்க ஐஸ்கிரீம்" என்று கெட்சப் புட்டியைத் தொடுவாள் மார்னி.

"அதுக்கு முன்னாடி இங்க நிறுத்தறோம்" என்பாள் ரோசீனா.

"எனக்குக் களைக்கவே இல்லையே."

"அதனாலதான் கண்ணு நிறுத்தறோம்."

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும். உள்ளே மக்ரோனிகள் வெயிலில் போய்க்கொண்டிருக்கும். வெளியாட்கள் எதிரே நாலு வார்த்தை கோர்க்கத் தடுமாறும் ரோசீனா, அந்த மேசையில் மகளோடு நிறுத்தாமல் பேசினாள். ஆப்பிள் தோப்புகள் எங்கே தடத்தை ஒட்டி வரும், கால்வாய்க்கு அடியில் சாலை நுழைந்து போகும் இடத்தில் தலைமேல் எப்படித் தண்ணீர் சொட்டும் என்றெல்லாம் சொன்னாள். பாதிக்கு மேல் அவளே பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டது.

முதல் ஆகஸ்டில் விடுப்பு எழுதிக்கொடுத்திருந்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் லெஸ்டருக்குப் பித்தப்பைக் கல், அறுவை. இரண்டு பாலத்தையும் அவளே பார்க்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆகஸ்டில் பைகள் வாசல் வரை வந்துவிட்டன. அன்று காலை அவளுடைய பாலமே பாதியில் நின்றுகொண்டது, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல். தக்காளி லாரிகள் இரு பக்கமும் நின்று அலறின. மூன்று நாள் பழுது பார்த்தார்கள். நாலாம் நாள் பைகளைப் பிரித்தார்கள்.

அடுத்த குளிர்காலம் வந்தது. மார்னிக்குப் பத்து வயது. பிப்ரவரியில் ஒரு நாள் ரோசீனா வழக்கம்போலக் கச்சையை மேசையில் போட்டாள். மார்னி அதை எடுத்து ஒழுங்காகச் சுருட்டி அவள் கையில் கொடுத்தாள்.

"போட வேண்டாம்மா."

"ஏன்டி?"

"நாம போகப்போறதில்ல. சும்மா விளையாட்டுன்னு சொல்லிட்டா எனக்கு ஒண்ணும் இல்ல. போறோம் போறோம்னு சொல்றதுதான் பிடிக்கல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அலுவலகத்தில் விண்ணப்பத்தைத் திருப்பித் தருகிறவரைப் போல மரியாதையாகச் சொன்னாள். ரோசீனாவும் இப்படித்தான் பத்து வயதில் தன் அப்பாவிடம் கேட்பதை நிறுத்தினாள். அதற்குப் பிறகு சாகும் வரை அவரிடம் அவள் எதையுமே கேட்டதில்லை. அவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இந்த வருடமும் போகாவிட்டால், மார்னி இனித் தன்னிடம் எதையும் கேட்கமாட்டாள். அது நிச்சயமாகத் தெரிந்தது.

ஏப்ரலில் பாலத்துக்கு எண்ணெய் போட்டு வண்ணம் அடிக்கும் வேலை. லெஸ்டரும் வந்திருந்தான். கீழே கால்வாய் வெறும் சேறு. அங்கங்கே குட்டைகள், ஒரு சைக்கிள் சக்கரம், யாரோ தள்ளிவிட்ட கடைத் தள்ளுவண்டி.

"லாக்போர்ட்ல வெள்ளிக்கிழமை மதகைத் திறக்கறாங்களாம்" என்றான் லெஸ்டர். "திங்கக்கிழமைக்குள்ள நம்ம பக்கம் வந்துடும்."

"அவ்வளவு மெதுவாவா வரும்?"

"நிறைமாசக்காரி நடக்கற மாதிரி வரும். ஏன், ஏதாவது பந்தயமா?"

ரோசீனாவின் தூரிகை அப்படியே நின்றது. சனி, ஞாயிறு வேலை இல்லை. பாலத்துக்கு அவள் தேவையில்லை, படகே இல்லையே. தண்ணீர் மேற்கேயிருந்து வந்துகொண்டிருக்கும்.

"லெஸ்டர், உன் கூடாரம் கிழியாம இருக்கா?"

விஷயத்தைக் கேட்டதும் அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "காலி கால்வாய் ஓரமா உல்லாசப் பயணமா! செத்த மீன் வாசனை பார்க்கவா? அதுவும் மேற்கால! புத்தியுள்ளவன் எல்லாம் காத்து முதுகுல தள்ளுற மாதிரி கிழக்கால போவான். நீ மூஞ்சியில வாங்கிட்டுப் போகப்போறே."

"தண்ணி அந்தப் பக்கத்துலருந்துதானே வருது?"

"வீட்டுல உட்கார்ந்தா வீட்டுக்கே வருமே, ரோசீனா!"

அவன் சொன்னதில் தப்பில்லை. கால்வாய்க்காரர்களுக்குக் காலிக் கால்வாய் என்றால் பூட்டிய கடை. அதன் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்று மாலை மார்னி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சைக்கிள்ல போறோம்" என்றாள் ரோசீனா.

"எந்த ஆகஸ்ட்ல?" தலை நிமிரவில்லை.

"இந்தச் சனிக்கிழமை."

பென்சில் நின்றது. "தண்ணியே இல்லையே."

"வருது. எதிர்ல போய்ப் பார்க்கலாம்னு இருக்கேன். எந்த இடத்துல பார்ப்போம்னு எனக்கே தெரியாது."

மார்னி நிமிர்ந்தாள். "லெஸ்டருக்கு இன்னொரு பித்தப்பை இருக்கா?"

"மனுஷனுக்கு ஒண்ணுதான்."

"சரி. சைக்கிள் மேல உட்கார்ந்தப்புறம் நம்பறேன்."

சனிக்கிழமை காலை உட்கார்ந்தார்கள். மார்னி முன்னால், ரோசீனா பின்னால். மார்னியின் கூடையில் எதற்கும் உதவாத சாமானாக ஒரு பழைய கதவுக் குமிழ். காற்று லெஸ்டர் சொன்னபடியே முகத்தில் அடித்தது. ஆல்பியனில் புட்டியில் பாதித் தண்ணீர் இருந்தது. "நோல்ஸ்வில் பாலத்துக் குழாய்ல பிடிச்சுக்கலாம்" என்றாள் ரோசீனா. ஈகிள் ஹார்பரில் மார்னியின் புட்டி காலி. எதிர்க்காற்றில் அவள் பிறகு பேசவே இல்லை. இடப்பக்கம் சேறு, வலப்பக்கம் இன்னும் துளிர்க்காத ஆப்பிள் மரங்கள். தண்ணீரின் அடையாளமே இல்லை.

நோல்ஸ்வில்லில் இறங்கி ரோசீனா குழாயைத் திருகினாள். காற்றுகூட வரவில்லை. இன்னொரு முறை திருகினாள். அப்போதுதான் உறைத்தது. பாலத்துக் குழாயை மே மாதத்தில் பாலத்துக்காரர்தான் திறந்துவிட வேண்டும். ஹல்பர்ட்டனில் வருடா வருடம் அதைத் திறப்பவளே அவள். கோபுரத்துக் கண்ணாடி வழியாக அவள் பார்த்ததெல்லாம் கோடைகாலப் பயணங்கள். குழாயில் தண்ணீர், கடையில் ஐஸ்கிரீம், கேட்டால் குளியலறைச் சாவி. ஏப்ரலில் பயணம் வைத்து, ஜூலைக்குத் திட்டம் போட்டிருந்தாள்.

"வரலையா?" என்றாள் மார்னி.

"வராது. இன்னும் திறந்திருக்க மாட்டாங்க. நான் யோசிக்கல. தப்பு என்னோடதுதான்."

"மூணு வருஷம் திட்டம் போட்டோமேம்மா!" மார்னி புட்டியைக் கூடையில் எறிந்தாள். "லெஸ்டர் ஊர் பூரா சொல்லிச் சிரிப்பாரு. திரும்பிடலாம். காத்தாவது முதுகுல இருக்கும்."

ரோசீனா சுற்றிலும் பார்த்தாள். தெருக்கோடியில் தீயணைப்புக் கொட்டகையின் கதவு திறந்திருந்தது. வாசலில் நிறைய கார்கள். வெண்ணெயில் மாவு வேகும் வாசனை. ஊர்த் தொண்டர்கள் பான்கேக் சுட்டு விற்கும் சனிக்கிழமை. உள்ளே ஐம்பது பேராவது இருப்பார்கள், ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. வழிப்போக்கர்களுக்குக் குழாயைக் கைகாட்டியே காலம் கழித்தவள் அவள்; ஒருவரிடமும் போய்த் தண்ணீர் கேட்டதில்லை.

மகளைப் பார்த்தாள். இரண்டு புட்டிகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எல்லாத் தலையும் திரும்பியது. சேறு தெறித்த கால்சட்டையோடு நடுவில் நின்று, தேவைக்கு மேலேயே சத்தமாகக் கேட்டாள்: "குடிக்கத் தண்ணி வேணும். அப்புறம், கால்வாய்த் தண்ணி எது வரைக்கும் வந்திருக்குன்னு யாருக்காவது தெரியுமா?"

கொட்டகையே பேசியது.

"காலையில மிடில்போர்ட்ல பார்த்தேன்!"

"அது நேத்து சாயங்காலம்டா. மெடினாவைத் தாண்டியிருக்கும்."

"இவன் சொல்றதை நம்பாதம்மா, இவனுக்குப் பக்கத்து வீடே தெரியாது."

கல்லின் முன் நின்ற பருத்த பெண்மணி கரண்டியால் அதட்டினாள். "முதல்ல அந்தப் புள்ளையை உட்கார வைங்க! எதைத் தேடிப் போறீங்க?"

"தண்ணியை" என்றாள் வாசலில் நின்ற மார்னி. "எதிர்ல போய்க் கூட்டிட்டு வரப் போறோம்."

அந்தப் பதிலை அவர்கள் அன்று பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்க வேண்டும். கேலியாக இல்லை. பான்கேக்குக்கு யாரும் அவர்களிடம் காசு வாங்கவில்லை. மேப்பிள் பாகு ஒரு சிறு புட்டி கைமேல் கிடைத்தது. வெளியே வந்து சைக்கிளைப் பிடிக்கையில் மார்னி, "நீயாம்மா கேட்டே? அத்தனை பேர் முன்னாடி?" என்றாள்.

"பின்ன, கதவுக் குமிழா கேட்டுச்சு?"

மார்னி கிழக்கே திரும்பவில்லை. மேற்கே மிதித்தாள்.

கால்வாய்க்கு அடியில் சாலை போகும் இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முதலில் கடற்காகங்கள் தென்பட்டன. கால்வாய்ச் சேற்றில் வரிசையாக, ஊர்வலத்துக்கு முன்னால் வருகிறவர்களைப் போல நடந்து வந்து, கொத்தித் தின்றுகொண்டிருந்தன. அவற்றின் பின்னால் மெல்லிய சலசலப்பு. பழுப்பு நிறத்தில் ஒரு நாக்கு நீண்டு வந்தது. ஒரு குட்டையை நிரப்பி, யோசித்து நின்று, விளிம்பு தாண்டி அடுத்த குட்டைக்கு வழிந்தது. போன வருடத்துச் சருகு, நுரை, ஒரு டென்னிஸ் பந்து எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. மூக்கைப் பிடித்துக்கொள்ளும்படி நாற்றம்.

மார்னி சைக்கிளை அப்படியே புல்லில் போட்டாள்.

"வந்துடுச்சும்மா" என்றாள், குரலைத் தாழ்த்தி. சத்தம் போட்டால் அது திரும்பிப் போய்விடும் என்பதுபோல.

அதற்கு மேல் அவர்கள் மேற்கே போகவில்லை. சைக்கிளைத் திருப்பி, உருட்டிக்கொண்டு, தண்ணீரின் நடைக்கு நடந்தார்கள். அது நின்றால் இவர்களும் நின்றார்கள். மார்னி அதனோடு பேசிக்கொண்டே வந்தாள்; "வா, வா, அந்தக் கல்லைச் சுத்திட்டு வா" என்று ஆட்டை ஓட்டுவதுபோல. பொழுது சாய்ந்ததும் கரையில் லெஸ்டரின் கூடாரத்தைப் போட்டார்கள். அது ஒரு பக்கம் கிழிந்துதான் இருந்தது.

காலையில் எழுந்து பார்த்தால் எதிரே கணுக்காலளவு தண்ணீர், வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. நுனி எப்போதோ போய்விட்டிருந்தது.

"நம்மளை விட்டுட்டுப் போயிடுச்சு, துரோகி!" என்று மார்னி சைக்கிளில் தாவினாள். இப்போது காற்று முதுகில். ஈகிள் ஹார்பருக்கு முன்னால் கடற்காகங்களைப் பிடித்தார்கள், தாண்டினார்கள். ஆல்பியனில் நிறுத்தாமல் பறந்தார்கள்.

ஹல்பர்ட்டன் பாலத்தில் லெஸ்டர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வேலை நாள் இல்லை. இவர்கள் எந்தக் கோலத்தில் திரும்புகிறார்கள் என்று பார்க்கவே வந்திருந்தான். மார்னி பாலத்தின் நடுவே நின்று ஊருக்கே கேட்கக் கத்தினாள்: "தண்ணி வருது! தண்ணி வருது!"

"வரத்தானே செய்யும்? வருஷா வருஷம் வருது" என்றான் லெஸ்டர்.

"இந்த வருஷம் நாங்க கூட்டிட்டு வர்றோம்."

லெஸ்டர் நாற்காலியில் திரும்பினான். ரோசீனாவைப் பார்த்தான். அவள் வெயிலிலும் காற்றிலும் சிவந்து, மூச்சு வாங்க, கைப்பிடியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "என்ன பார்க்கறே? எழுந்து அந்த நாற்காலியைக் குடு" என்றாள்.

ஆகஸ்டில் போக வேண்டிய பயணம் அதன் பிறகும் நடக்கவில்லை. அதைப் பற்றி மார்னி குறைபட்டதும் இல்லை. வளர வளர அவள் அம்மாவிடம் எவ்வளவோ கேட்டாள்: டிரம்ஸ் வாங்கித் தா, அப்பா ஏன் போனார், நான் க்ளீவ்லண்ட் போகட்டுமா. சிலவற்றுக்கு ரோசீனாவால் சரி சொல்ல முடிந்தது, சிலவற்றுக்கு முடியவில்லை. கேட்பதை மட்டும் அந்தப் பெண் நிறுத்தவில்லை.

ரோசீனாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அதே வீட்டில் இருக்கிறாள். வலது முழங்கால் மாற்று அறுவை ஆகிவிட்டது. லெஸ்டர் போன வருடம் காலமானான். மார்னி க்ளீவ்லண்டில் நகரப் பேருந்து ஓட்டுகிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அழைக்கிறாள். இருவரும் லாக்போர்ட் வரை இன்னும் போகவில்லை.